சோதனை முடிவை அந்தப் பெண்ணிடம் யார் சொல்லப் போகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் விளையாட்டில் திருநங்கைகளைச் சேர்க்கலாமா கூடாதா என்று உங்கள் நாளிதழில் சில நாட்களாக நடந்துவரும் விவாதத்தை ஒன்று விடாமல் படித்து வருகிறேன். சேர்த்தால் பெண்கள் விளையாட்டே அழிந்துவிடும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தடை என்ற பேச்சே மனித உரிமைக்கு விரோதம் என்று இன்னொருவர் அதற்குப் பதில் எழுதியிருந்தார். இரண்டு கடிதங்களிலும் நம் ஓட்டக்காரி சாந்தி சௌந்திரராஜனின் பெயர் வருகிறது. இரண்டு பேருமே அவரைத் திருநங்கை என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. அரசுப் பெண்கள் பள்ளிகளில் வேலை பார்த்தவள். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்ததுதான் என் வாழ்க்கை. பெரும்பாலும் நடுத்தூர ஓட்டக்காரிகள்: நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மகளிர் பிரிவு என்று ஒன்று தனியாக இருக்க வேண்டும், அதற்கு ஓர் எல்லைக்கோடும் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எங்கள் பள்ளிக்குச் சொந்த மைதானம் இல்லாததால் பக்கத்து ஆண்கள் பள்ளி மைதானத்தில்தான் காலைப் பயிற்சி நடக்கும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில் என் பிள்ளைகள் அந்தப் பையன்களோடு சேர்ந்து ஓடி அவர்களை ஜெயிப்பார்கள். பத்தாம் வகுப்பு வருவதற்குள் கதை மாறிவிடும். பயிற்சிக்கு ஒழுங்காக வராத பையன்கூட என் நல்ல ஓட்டக்காரியைக் கடைசி இருநூறு மீட்டரில் தாண்டிப் போய்விடுவான். "நான் சரியா ஓடலையா டீச்சர்?" என்று அவள் வந்து நிற்பாள். அவள் சரியாகத்தான் ஓடினாள். அவன் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேலையைத் தொடங்கிவிட்டது. எலும்பு நீள்கிறது, தசை ஏறுகிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுகிறது. அவள் எவ்வளவு உழைத்தாலும் ஈடுகட்ட முடியாத வித்தியாசம் அது.

உலக அளவில் பார்த்தாலும் அப்படித்தான். எண்ணூறு மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 2012-ல் டேவிட் ருடிஷா ஓடிய 1 நிமிடம் 40.91 நொடி. பெண்களில் 1983-ல் யார்மிலா கிராட்டோச்விலோவா ஓடியது 1 நிமிடம் 53.28 நொடி. பன்னிரண்டு நொடிக்கு மேல் இடைவெளி. எண்ணூறில் அது எவ்வளவு தூரம் என்று டிராக்கில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குண்டு எறிதலில் ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ என்று வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆண் பருவமடைதலைத் தாண்டிய ஒருவர் பிறகு சிகிச்சை எடுத்து டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்துக்கொண்டால் எல்லாம் சமமாகிவிடுமா? ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. வளர்ந்த உயரமும் எலும்பும் திரும்பப் போவதே இல்லை. அமெரிக்க விமானப் படையில் பணியாற்றிய திருநங்கைகளின் உடற்தகுதித் தேர்வுகளை வைத்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருடச் சிகிச்சைக்குப் பிறகு தண்டால் எடுப்பதில் மற்ற பெண்களோடு வித்தியாசம் இல்லாமல் போனது. ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் அவர்கள் இன்னும் 12 சதவீதம் வேகமாக இருந்தார்கள். அவர்கள் தேர்ந்த விளையாட்டு வீரர்கள் இல்லை, படைப் பணியாளர்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பன்னிரண்டு சதவீதம் என்பது ஓட்டத்தில் சின்ன விஷயம் இல்லை. ஆகவே ஆண் பருவமடைதலைத் தாண்டியவர்கள் சர்வதேசப் போட்டிகளில் மகளிர் பிரிவில் ஓடக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சில் எடுத்த முடிவை நான் ஏற்கிறேன். திருநங்கைகள் மேல் எனக்கு வெறுப்பு இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். என் பிள்ளைகளின் உழைப்பைக் கிட்ட இருந்து பார்த்தவள் என்பதால்தான் சொல்கிறேன்.

அந்த முடிவை அறிவித்த அன்று அந்த அமைப்பே இன்னொன்றையும் சொன்னது. சர்வதேசத் தடகளத்தில் அப்போது திருநங்கைகள் ஒருவர்கூடப் போட்டியிடவில்லை. திருநங்கைகள் பங்கேற்பதற்கு ஒலிம்பிக் குழு 2003-லேயே நிபந்தனைகளோடு வழி வகுத்துவிட்டது. ஆனாலும் திருநங்கை என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஒருவர் மகளிர் தனிநபர் போட்டியில் முதன்முதலாக இறங்கியது 2021-ல், டோக்கியோவில். நியூசிலாந்தின் பளுதூக்கும் வீராங்கனை லாரல் ஹப்பார்ட், வயது 43. முதல் மூன்று முயற்சியும் தவறி வெளியேறினார். அதை வைத்து உடல் சாதகமே கிடையாது என்று நான் வாதாட மாட்டேன், ஒருவர் தோற்றதால் எதுவும் நிரூபணமாகாது. நான் கேட்பது ஒன்றுதான்: இத்தனை வருடமாக இந்தக் கோட்டுக்காகக் கூப்பிட்டுச் சோதிக்கப்பட்டவர்கள், பதக்கம் பறிக்கப்பட்டவர்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் யார்?

பெரும்பாலும் பெண்ணாகப் பிறந்து, பெண் என்று பதிவாகி, பெண்ணாகவே வளர்ந்தவர்கள்தான். ஆணாக வளர்ந்து பிறகு மாறியவர்கள் அல்ல. உடலுக்குள் குரோமோசோமோ ஹார்மோனோ வழக்கத்துக்கு மாறாக அமைந்திருக்கிறது என்பது பல பேருக்கு அந்தச் சோதனை வரும்வரை தெரியவே தெரியாது.

சாந்தி அப்படிப்பட்டவர். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர். அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளிகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டரில் வெள்ளி வென்றார். அடுத்த சில நாட்களில் பாலினச் சோதனையில் தோற்றுவிட்டார் என்று சொல்லிப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விஷயம் தொலைக்காட்சியில் ஓடியது. நாடு முழுக்க ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசியது. அப்போதைய முதல்வர் கலைஞர் அறிவித்த 15 லட்சம் ரூபாயை அவருக்குக் கொடுத்தார், அந்த மட்டில் நம் மாநிலம் கைவிடவில்லை. ஆனால் அடுத்த வருடமே சாந்தி தற்கொலைக்கு முயன்றார். 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் படம் பத்திரிகைகளில் வந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்க 2016 வரை ஆனது. இத்தனை வருடம் கழித்தும் அவர் என்ன என்பதைக்கூடச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல், வாதத்துக்கு உதவும் என்று இரு தரப்பும் அவரை எடுத்துக்கொள்வதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது.

ஒடிசாவின் டூட்டி சந்த், நெசவாளர் வீட்டுப் பெண். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்பும் நேரத்தில், உடலில் இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று அணியிலிருந்து எடுத்தார்கள். வயது பதினெட்டு. மருந்தோ அறுவை சிகிச்சையோ எடுத்துக்கொள்ளாமல் அவர் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015 ஜூலையில் அந்த விதியையே இரண்டு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நூறிலும் இருநூறிலும் வெள்ளி வாங்கினார். சாந்திக்குக் கிடைக்காத ஒன்று டூட்டிக்குக் கிடைத்தது: கூடவே நின்று, விஷயத்தை விளக்கி, வழக்கை நடத்தத் தெரிந்த ஆட்கள். பயோஷ்ணி மித்ரா போன்ற ஆய்வாளர்கள் பக்கபலமாக இருந்தார்கள். எட்டு வருட இடைவெளியில் இரண்டு பேர் வாழ்க்கை இவ்வளவு வேறு வேறாகப் போனதற்கு, உடலைவிட இந்தத் துணைதான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

இந்தச் சோதனைகளின் வரலாறு ஒன்றும் பெருமையானது இல்லை. 1966-ல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை ஆடையில்லாமல் மருத்துவர்கள் முன்னால் நிறுத்தினார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. 1985-ல் ஸ்பெயினின் தடை தாண்டும் வீராங்கனை மரியா ஹோசே மார்டினெஸ் பட்டினோ அதில் சிக்கினார். அவர் உடல் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும், ஆனால் அதைத் துளியும் எடுத்துக்கொள்ளாது. அதாவது அவருக்கு எந்தச் சாதகமும் இல்லை. அது நிரூபணமாகி மறுபடியும் ஓட அனுமதி வருவதற்குள் 1988 ஆகிவிட்டது, ஓட்டக்காரியின் நல்ல வருடங்கள் போய்விட்டன. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 வீராங்கனைகளைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு எஸ்.ஆர்.ஒய். மரபணு இருந்தது, அதாவது வழக்கமாக ஆண்களிடம் காணப்படும் ஒய் குரோமோசோமில் இருந்து ஆண் உடல் வளர்ச்சியைத் தொடங்கி வைக்கும் மரபணு. மேற்கொண்டு பார்த்துவிட்டு எட்டுப் பேரையும் விளையாட விட்டார்கள். யார் அந்த எட்டுப் பேர் என்று இன்றுவரை வெளியே வரவில்லை. அதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். மனது வைத்தால் ரகசியம் காக்க முடியும்.

சரி, இப்போது என்ன நிலைமை? உலகத் தடகள அமைப்பின் விதிப்படி 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் மகளிர் பிரிவில் ஓட வேண்டுமென்றால் எஸ்.ஆர்.ஒய். சோதனை கட்டாயம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்பு, அல்லது கொஞ்சம் ரத்தம். வாழ்நாளில் ஒரு முறை போதும். குத்துச்சண்டையிலும் இதே போன்ற சோதனை வந்துவிட்டது.

இதில் நல்லது என்று ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் சந்தேகப்பட்டவர்களை மட்டும் தனியே கூப்பிட்டுச் சோதிப்பார்கள். குரல் கனமாக இருந்தால், மார்பு தட்டையாக இருந்தால், ஆள் உயரமாக இருந்தால், யாராவது கை நீட்டுவார்கள். இப்போது எல்லோருக்கும் ஒரே சோதனை என்பதால் அந்தக் கை நீட்டும் வேலைக்கு இடமில்லை. அந்த அசிங்கத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு மாவட்டப் போட்டியில் என் பிள்ளை ஒருத்தி நானூறில் முதலாவதாக வந்தாள். கிராப் வெட்டிய தலை, ஒல்லி உடம்பு, கொஞ்சம் கட்டைக் குரல். இன்னொரு பள்ளியோடு வந்திருந்த ஒருவர் நடுவர் மேசையில் வந்து நின்று, "இது பொண்ணா பையனான்னு செக் பண்ணுங்க" என்று சத்தம் போட்டார். இரண்டு ஆசிரியைகளை விட்டுப் பக்கத்து அறையில் பார்த்துவிடலாமே என்றார் அங்கிருந்த அலுவலர், மிகச் சாதாரணமாக. பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசை மேல் வைத்து, இதற்கு மேல் பார்க்க எந்த விதி சொல்கிறது என்று கேட்டேன். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. என் பிள்ளை நெஞ்சில் நம்பர் குத்தியபடி, கையில் ஸ்பைக்ஸோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அடுத்த வருடப் போட்டிக்கு முடி வளர்த்து, பெரிய தோடு போட்டு, பளிச்சென்று பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். ஓடும்போது தோடு காதில் அடிக்கும், கழற்றிவிடு என்றாலும் கேட்கவில்லை.

அதனால் எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனை என்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த மரபணு இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே விடை ஆகாது. 1990-ல் அந்த மரபணுவைக் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ சின்கிளேரே, இதை வைத்து ஒருவரின் பாலினத்தைத் தீர்மானிப்பது தவறு என்று எழுதினார். மரபணு இருப்பது தெரியும், உடலில் அது வேலை செய்கிறதா என்பது அந்தச் சோதனையில் தெரியாது. பட்டினோவைப் போல டெஸ்டோஸ்டிரோனைத் துளியும் எடுத்துக்கொள்ளாத உடல் கொண்டவர்களுக்குப் புதிய விதியிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க மேற்கொண்டு பல சோதனைகள் வேண்டும். அதற்கு விவரம் தெரிந்த மருத்துவர் வேண்டும், பணம் வேண்டும், கூடவே பேச ஒரு ஆள் வேண்டும். கிராமத்திலிருந்து விளையாட்டு விடுதிக்கு வந்த பதினேழு வயதுப் பெண்ணுக்கு இதில் எது இருக்கிறது?

என்னிடம் ஓடிய இன்னொரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர், ஓடிய தூரம் எதையும் எழுத மாட்டேன்.

போட்டிக்குப் போகும்போது முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, அயோடின், வலி நிவாரணி ஸ்பிரேயோடு நாப்கினும் வைத்திருப்பேன். பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இவள் மட்டும் கேட்டதே இல்லை. வீட்டிலிருந்து கொண்டு வருகிறாள் போல என்று நினைக்கலாம். ஆனால் தங்கும் அறையில் நாலு பேர் சேர்ந்து இருக்கும்போது இதெல்லாம் தெரிந்துவிடும். ஓடுகிற பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும், சில மாதம் நின்றுபோவதும் அடிக்கடி நடப்பதுதான். கடுமையான பயிற்சி, அதற்கு ஈடாகச் சாப்பாடு இல்லாதது, இரண்டும் சேர்ந்தால் உடம்பு அந்தச் செலவை நிறுத்திவிடும். அதை நல்ல அறிகுறி என்று சந்தோஷப்படும் பயிற்சியாளர்களே உண்டு, அது பெரிய தப்பு, எலும்பு பலவீனமாகிவிடும். ஆனால் இவளுக்குப் பதினேழு முடியப்போகிறது, இன்னும் வயதுக்கே வரவில்லை. அவள் அம்மாவிடம் பேசினேன். "ஓட்டத்தை நிறுத்தினா வந்துரும்னு சொல்றாங்க டீச்சர்" என்றார். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசாமலே இருந்திருக்கிறார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டது மட்டும்தான் நடந்திருக்கிறது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மூன்று பேரும் போனோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அப்புறம் குரோமோசோம் சோதனை. கருப்பை இல்லை. ஒய் குரோமோசோம் இருந்தது. இந்த விஷயத்தை அந்தப் பெண் மருத்துவர் சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன். முதலில் என்னையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் மட்டும் ரொம்ப நேரம் பேசினார். காகிதத்தில் படம் போட்டு விளக்கியிருக்கிறார். பிறகு அவளைக் கேட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அதன் பிறகு, டீச்சருக்குத் தெரியலாமா என்று அவளிடமே கேட்டு, அவள் சரி என்றதும்தான் என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளே போனபோது மருத்துவர், "நீ பொண்ணுதான், அதுல ஒரு மாற்றமும் இல்ல. உன் உடம்பு கொஞ்சம் வேற வழியில வளர்ந்திருக்கு, அவ்வளவுதான். அடுத்த மாசம் வா, நிறையக் கேள்வி வரும், எழுதி வெச்சுக் கொண்டு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இது ஹாஸ்டலுக்குத் தெரியுமா டீச்சர்?"

பாருங்கள், பதக்கம் பற்றிக் கேட்கவில்லை. விளையாட்டு விடுதியில் இடம் போய்விட்டால் மூன்று வேளைச் சாப்பாடு போய்விடும், படிப்பு போய்விடும். பிறகு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, ரயில்வேயிலோ காவல் துறையிலோ வேலை, எல்லாம் அந்த ஓட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஊர் இருக்கிறது. வெளியே தெரிந்தால் அவளை மட்டும் பேசாது. தங்கைக்கு வரன் பார்க்கும்போதும் பேசும்.

இப்போது புதிய சோதனையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். முடிவு ரகசியமாக வைக்கப்படும் என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் முகாமில் இருபது பெண்கள் சோதனை கொடுக்கிறார்கள், பத்தொன்பது பேர் பெயர் பட்டியலில் வருகிறது, ஒருத்தி பெயர் மட்டும் வரவில்லை என்றால் அங்கே ரகசியம் என்று என்ன மிச்சம் இருக்கிறது? தேசிய அளவில் முதலாவதாக வந்தவள் திடீரென்று அணியில் இல்லை என்றால் மாலைக்குள் எல்லோருக்கும் புரிந்துவிடும். பிரான்சில் மருத்துவக் காரணம் இல்லாமல் இப்படி மரபணுச் சோதனை செய்ய அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு இது தனிமனித விஷயம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நம் ஊரில் மருத்துவமனைச் சீட்டையே நாலு பேர் வாங்கிப் படிக்கிறோம்.

வளரும் நாடுகளின் கிராமங்களிலிருந்து வந்த நான்கு இளம் வீராங்கனைகளைப் பற்றி 2013-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பதினெட்டிலிருந்து இருபத்தொரு வயதுக்காரர்கள். டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதற்காக அந்த நால்வருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளிருந்த சுரப்பிகளை எடுத்ததோடு நிற்கவில்லை, ஓட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெண்ணுறுப்புப் பகுதியையும் வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சுரப்பிகளை எடுக்காவிட்டால் உடல்நலத்துக்கு ஆபத்து இல்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எது தெரிந்து அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? என்னோடு ஓடிய பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் அதைப் படித்தேன். தேர்வாளர் நீட்டும் எந்தத் தாளிலும் அவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். படித்துப் பார்க்கும் தைரியம்கூட இருக்காது.

தென்னாப்பிரிக்காவின் எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி காஸ்டர் செமென்யா, டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால்தான் ஓடலாம் என்ற விதியை எதிர்த்து 2018-லிருந்து ஏழு வருடம் நீதிமன்றங்களில் நின்றார். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருடைய வழக்கு முறையாக விசாரிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவருடைய ஓட்டக் காலம் முடிந்துவிட்டது. இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கே இந்தக் கதி.

திருநங்கைகளைப் பற்றியும் சொல்லாமல் முடிப்பது நியாயமில்லை, விவாதமே அவர்களைப் பற்றியதுதான். அந்த ஆண்கள் பள்ளி மைதானத்தில் தடை தாண்டும் ஓட்டத்தில் நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு மாணவர் பல வருடம் கழித்துத் திருநங்கையாக என்னைப் பார்க்க வந்தார். ஊரில் நடக்கும் ஒரு சாலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க ஆசை. விண்ணப்பத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். "எதுல டிக் பண்ணட்டும் டீச்சர்?" என்று கேட்டார். பரிசு உள்ள பெண்கள் பிரிவில் நீ ஓடுவது சரியில்லை என்று நான் உள்ளதைச் சொன்னேன். அவருக்கு அது வலித்தது, அப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடும் சாலை ஓட்டத்தில், பரிசுக் கணக்கில் சேர்க்காமல், அவர் பெயரிலேயே நேரம் குறித்து ஒரு சான்றிதழ் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? அமைப்பாளர்களிடம் கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஓடவில்லை.

தனிப் பிரிவு வைத்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். கேரளத்தில் 2017-ல் மாநில அளவில் திருநர்களுக்கென்று தடகளப் போட்டி நடத்தினார்கள், நல்ல முயற்சி, நாமும் நடத்தலாம். ஆனால் சர்வதேச நீச்சல் அமைப்பு 2023-ல் பெர்லினில் எல்லோருக்குமான திறந்த பிரிவு ஒன்றை அறிவித்தபோது ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வரிசையில் போய்த் தனியாக நிற்க யாருக்கு மனது வரும்? கீழ்மட்டத்தில், பள்ளியிலும் கல்லூரியிலும் ஊர்க் கழகங்களிலும், ஓடுவதற்கு முதலில் இடம் கொடுத்தால்தான் மேலே ஒரு பிரிவு உருவாகும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஓடும் குறுவட்டப் போட்டிக்கு ஒலிம்பிக் விதியைக் கொண்டுவந்து மாட்டக் கூடாது. அந்த வயதில் ஹார்மோன் கணக்கும் வேண்டாம், மரபணுக் கணக்கும் வேண்டாம்.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தையும் தடகளச் சங்கத்தையும் நான் கேட்பது, சோதனைக்கு முன்பே சில ஏற்பாடுகளைச் செய்யுங்கள் என்பதைத்தான். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் தகுதி நெருங்கும்போது, விமான டிக்கெட் கைக்கு வந்த பிறகு இல்லாமல், பல மாதம் முன்னதாகவே அந்தப் பெண்ணுக்கு இது என்ன சோதனை, ஏன், முடிவு மாறாக வந்தால் என்ன நடக்கும் என்று தமிழில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லி உள்நாட்டுப் போட்டிகளில் மட்டும் ஓடும் வழியும் அவளுக்கு இருக்கட்டும். முடிவு ஆய்வகத்திலிருந்து நேராக ஒரு பெண் மருத்துவருக்குப் போகட்டும், சங்க அலுவலகத்து மேசைக்கு வேண்டாம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு முதலில் அவளிடம் சொல்லட்டும். மேல் சோதனைகளுக்கான செலவை அரசு ஏற்கட்டும். அணியில் இடம் இல்லாமல் போனாலும் விடுதியில் இடம், படிப்பு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஏற்கெனவே கிடைத்த வேலை எதுவும் போகாது என்று எழுத்தில் உத்தரவாதம் வேண்டும். காயம் என்று சொல்லி அணியிலிருந்து விலகிக்கொள்ள அவளுக்கு அனுமதி கொடுங்கள், அதை யாரும் கிளறக் கூடாது. விடுதிகளில் வருடம் ஒருமுறை நடக்கும் உடல் பரிசோதனையில், பதினாறு வயதாகியும் மாதவிடாய் வராத பிள்ளைகளை மகளிர் மருத்துவரிடம் அனுப்புவதை வழக்கமாக்குங்கள். ஓட்டத்துக்காக என்று வேண்டாம், அவர்கள் உடல்நலத்துக்காக. அப்படிச் செய்தால் பெரிய மேடையில் தெரியவேண்டிய அவசியமே பல பேருக்கு வராது.

தோஹாவில் எடுத்துக்கொண்ட வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நம் அரசு ஆசிய ஒலிம்பிக் குழுவிடம் முறையாகக் கேட்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாந்தி யாரையும் ஏமாற்றவில்லை. ஊக்கமருந்து எடுக்கவில்லை. அன்றைக்கு இருந்த விதிகளை அவருக்கு யாரும் விளக்கக்கூட இல்லை.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால், மேலே நான் சொன்ன பிள்ளைகளை அடையாளம் காட்டும் கேள்வி எதையும் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியாளர்களோ, விடுதிக் காப்பாளர்களோ, இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் பெற்றோரோ எழுதினால், எந்த மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் முகவரியை அப்படிக் கேட்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை
(பெயர் வெளியிட வேண்டாம்)